மருத்துவத்துக்கு நாலு தெரிவு: பெயரைப் பார்த்துப் போடுவதா, கணக்கைப் பார்த்துப் போடுவதா?

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மகள் லண்டன் ஹரோவில் ஓர் அரச பாடசாலையில் இயர் 12, அதாவது ஏ லெவலின் முதல் வருடம், படிக்கிறாள். 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சையில் (9தான் உச்சம்) பாதிக்குமேல் 8உம் 9உம், மற்றவை 7, ஆங்கிலம் மட்டும் 6. பல்கலைக்கழகம் போக 18 வயதில் எழுதும் ஏ லெவலுக்கு இரசாயனம், உயிரியல், கணிதம். பாடசாலை எழுதப்போகும் எதிர்பார்ப்புப் பெறுபேறு மூன்று ஏ. சொந்தக்காரர் எல்லோரும் ஒக்ஸ்ஃபோர்ட், இம்பீரியல், யூசிஎல், கிங்ஸ் என்று நாலு பெயர் சொல்லியிருக்கிறார்கள். வைத்தியசாலையில் வேலை அனுபவம் எடுக்க இடம் கிடைக்கவில்லை. ரியூஷன் நிலையம் மருத்துவ பீட நுழைவுக்கான யூகேட் பரீட்சைக்குப் பெரிய தொகை கேட்கிறது. கடைசியாக, கொழும்பில் இருக்கும் தம்பியின் மகனும் இங்கே வந்து மருத்துவம் படிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் பதில்: அந்த நாலு பெயரையும் அப்படியே போடாதீர்கள். நாலும் ஏ ஸ்டார் (ஏக்கும் மேலான உச்சப் பெறுபேறு), ஏ, ஏ கேட்கிற இடங்கள். ஆசிரியர் மூன்று ஏ என்று எழுதி அனுப்பினால், குடும்ப, பாடசாலைச் சூழலைப் பார்த்துக் கொடுக்கும் சலுகைக்குள் வராத பிள்ளையை நேர்முகத்துக்குக் கூப்பிடாமலே விட்டுவிடுவார்கள். மகள் எவ்வளவு கெட்டிக்காரி என்று பார்க்கும் கட்டத்துக்கே அந்த விண்ணப்பம் போகாது. வருடா வருடம் நம்முடைய பிள்ளைகளில் நல்ல பெறுபேறு உள்ளவர்கள்கூட நாலு இடத்திலும் இல்லை என்ற பதில் வாங்குவதற்கு நான் காணும் பெரிய காரணம் இதுதான். பிள்ளையிடம் குறை இருக்காது, போட்ட இடம் பிழையாக இருக்கும்.

பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் அமைப்பான யூகாஸின் விண்ணப்பத்தில் ஐந்து தெரிவு உண்டு. மருத்துவத்துக்கு நாலுதான் போடலாம், ஐந்தாவது வேறு பாடமாக இருக்கலாம். ஒக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஒரே வருடத்தில் சேர்த்துப் போட முடியாது. கடைசி நாள் ஒக்டோபர் 15, மாலை 6 மணி. மற்றப் பாடங்களுக்கு ஜனவரி வரை நேரம் இருப்பதால் பெற்றோர் இதில் ஏமாந்துபோவதுண்டு. பாடசாலைகள் தங்கள் வேலைக்காக இன்னும் முந்திய ஒரு நாளைக் குறித்திருக்கும், அதையும் இப்போதே கேட்டு வையுங்கள். வருடம் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பிக்கிறார்கள். மருத்துவ பீடங்கள் நாற்பதுக்கு மேல். அத்தனை பேரையும் நேரில் பார்க்க எந்தப் பீடத்தாலும் முடியாது. ஆகவே ஒவ்வொரு பீடமும் தனக்கென்று ஒரு கழிக்கும் முறை வைத்திருக்கிறது. அந்த முறை இடத்துக்கு இடம் வேறு என்பதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

சில உதாரணங்கள் சொல்கிறேன். பிரிஸ்டல் அண்மைய வருடங்களில் நேர்முகத்துக்கு ஆள் எடுக்கும்போது, அடிப்படைத் தகுதி இருப்பவர்களை யூகேட் புள்ளி வரிசையில் அடுக்கி மேலிருந்து எடுத்துவருகிறது. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் ஜிசிஎஸ்இ பெறுபேறுகளுக்குப் புள்ளி போட்டு அதோடு யூகேட்டைச் சேர்க்கிறது. கார்டிஃபும் ஜிசிஎஸ்இக்கு அதிக இடம் கொடுத்துவந்த பீடம். ஒக்ஸ்ஃபோர்ட் ஜிசிஎஸ்இ, யூகேட் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, ஓர் இடத்துக்கு ஏறத்தாழ இரண்டரைப் பேர் என்ற அளவில் மட்டும் நேர்முகத்துக்குக் கூப்பிடும். ஆகவே ஜிசிஎஸ்இயில் பத்துக்குப் பத்தும் 9 எடுத்து யூகேட்டில் நடுத்தரமாகச் செய்த பிள்ளைக்கு ஒரு பட்டியல் சரி. ஜிசிஎஸ்இ சுமார், யூகேட் மிக நன்று என்கிற பிள்ளைக்கு வேறு பட்டியல். இந்த முறைகள் வருடம்தோறும் மாறக்கூடியவை. அக்கா மகன் மூன்று வருடத்துக்கு முன் எப்படி எடுபட்டான் என்ற கதையை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது. மருத்துவ பீடங்களின் பேரவை ஒவ்வொரு பீடமும் என்ன கேட்கிறது, எப்படித் தெரிவு செய்கிறது என்பதை ஒரே இடத்தில் வருடா வருடம் வெளியிடுகிறது. அதை எடுத்து, பிறகு அந்தந்தப் பீடத்தின் சொந்த அறிவித்தலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் மகளின் 6 பற்றி நீங்கள் பயந்து எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் 6 பெரும்பாலான பீடங்களின் குறைந்தபட்சத் தகுதிக்குப் போதும். ஜிசிஎஸ்இக்குப் புள்ளி போட்டு எண்ணும் இடங்களில் மட்டும் அது கொஞ்சம் இழுக்கும். அப்படியான இடங்களை நாலில் ஒன்றுக்கு மேல் போடாமல் விட்டால் சரி. அந்த ஒரு பாடத்துக்காகத் திரும்பப் பரீட்சை எழுதுவிக்கத் தேவையில்லை.

இனி, பெயர் பெற்ற இடத்தில் படித்தால்தான் பிற்காலம் நன்றாக இருக்கும் என்ற எண்ணத்துக்கு வருகிறேன். சொந்தக்காரர் சொல்வது கெட்ட நோக்கத்தில் அல்ல. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ எந்தக் கல்லூரி என்பது ஒரு மனிதரின் முகவரி மாதிரி இருந்தது, அந்தப் பழக்கத்தில் சொல்கிறார்கள். இங்கே மருத்துவத்தில் நிலைமை வேறு. அங்கீகாரம் பெற்ற எந்தப் பீடத்தில் முடித்தாலும் பொது மருத்துவ சபையான ஜிஎம்சியில் அதே பதிவுதான். 2024-25 கல்வியாண்டிலிருந்து முடிப்பவர்கள் எல்லோரும், எங்கே படித்திருந்தாலும், ஒரே தரத்திலான மருத்துவ உரிம மதிப்பீட்டில் தேற வேண்டும். அதற்குப் பிறகு வரும் இரண்டு வருட ஃபவுண்டேஷன் பயிற்சிக்கு இடம் ஒதுக்குவதிலும் 2024 முதல் பழைய புள்ளி முறை இல்லை. விண்ணப்பித்தவரின் விருப்பத்தையும், கணினி எழுமாறாகக் கொடுக்கும் வரிசை எண்ணையும் வைத்தே ஒதுக்குகிறார்கள். படித்த பல்கலைக்கழகத்தின் பெயரோ அங்கே எடுத்த நிலையோ அந்த ஒதுக்கீட்டில் எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாத ஒன்றுக்காக நாலு தெரிவையும் செலவழிப்பது எனக்கு மனவருத்தம் தரும் விஷயம்.

பீடங்களுக்கிடையே உண்மையான வித்தியாசம் கற்பிக்கும் முறையில்தான் இருக்கிறது. ஒக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் முதல் மூன்று வருடம் விஞ்ஞானத்தை ஆழமாகப் படிப்பித்துவிட்டுத்தான் நோயாளர் பக்கம் முழுமையாக விடும். மான்செஸ்டர் போன்ற இடங்களில் சிறு குழுவாக இருந்து ஒரு நோயாளியின் கதையை எடுத்து, தெரியாததைத் தாங்களே தேடிப் படித்துவந்து கதைக்கும் முறை. கேம்பிரிட்ஜில் மனித உடலை மாணவர்களே வெட்டிப் படிக்கிறார்கள். வேறு பல இடங்களில் ஏற்கெனவே பிரித்து வைத்த பகுதிகளைப் பார்த்துப் படிப்பார்கள். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், இம்பீரியல், யூசிஎல், எடின்பரோ ஆகியவற்றில் இடையில் ஒரு விஞ்ஞானப் பட்டமும் சேர்ந்து பொதுவாக ஆறு வருடம். மற்ற இடங்களில் பெரும்பாலும் ஐந்து. தனியே இருந்து புத்தகத்தோடு படித்தால்தான் மனதில் நிற்கும் என்கிற பிள்ளையும், நாலு பேரோடு கதைத்தால்தான் விளங்கும் என்கிற பிள்ளையும் ஒரே இடத்தில் ஒரே அளவு சந்தோஷமாக இருக்க மாட்டார்கள். ஐந்து வருடம் நீண்ட காலம். இதை மகளிடம் கேளுங்கள், அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டிலிருந்து போகலாம் என்பதற்காக லண்டனைப் பார்ப்பது பிழை என்று சொல்ல மாட்டேன். அறை வாடகை ஒரு குடும்பத்தை நெரிக்கும். ஆனால் லண்டனுக்குள்ளும் குயின் மேரி, 2024இல் சிட்டியோடு இணைந்த சென்ற் ஜோர்ஜஸ் என்று வேறு இடங்கள் இருக்கின்றன. நாலில் ஒன்றோ இரண்டோ லண்டன், மற்றவை வெளியே என்று வைத்தால் நல்லது. இன்னொன்று, மூன்றாம் வருடத்துக்குப் பிறகு பயிற்சிக்கு அனுப்பும் வைத்தியசாலை தூரமாகவும் இருக்கலாம். வீடு பக்கம் என்ற சௌகரியம் முழுக் காலத்துக்கும் நிலைக்காது.

இப்போது யூகேட். 2023 வரை ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், இம்பீரியல், யூசிஎல் போன்ற சில இடங்கள் பிமேட் என்ற வேறு பரீட்சை வைத்திருந்தன. அது நிறுத்தப்பட்டுவிட்டது, இப்போது அவையும் யூகேட்டுக்கு வந்துவிட்டன. பழைய பிமேட் புத்தகத்தை யாராவது தந்தால் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். யூகேட்டும் 2025இல் மாறியது. உருவங்களில் ஒழுங்கு கண்டுபிடிக்கும் பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது வாசித்து விளங்குதல், முடிவெடுத்தல், எண் சார்ந்த தர்க்கம் ஆகிய மூன்றுக்கும் 300இலிருந்து 900 வரை புள்ளி, மொத்தம் 2700. முன்பு 3600க்கு எடுத்தவர்களின் புள்ளியோடு ஒப்பிட்டுப் பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள். இதற்கு வெளியே, ஒரு மருத்துவ மாணவர் இக்கட்டான நிலையில் எப்படி நடக்க வேண்டும் என்று கேட்கும் நாலாவது பகுதியும் உண்டு. அதற்குப் புள்ளி இல்லை, 1 முதல் 4 வரை நிலை கொடுப்பார்கள். 4 வந்தால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏற்காத பீடங்கள் பல. பிள்ளைகள் இந்தப் பகுதியைப் பொது அறிவுதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஜிஎம்சி வெளியிடும் நல்ல மருத்துவ நடைமுறை என்ற கையேட்டை ஒரு முறை நிதானமாக வாசித்தாலே இதில் பெரிய முன்னேற்றம் தெரியும்.

பரீட்சையின் கடினம் பாடத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. வாசிப்புப் பகுதியில் 22 நிமிடத்தில் 44 கேள்வி, அதாவது ஒரு கேள்விக்கு அரை நிமிடம். வீட்டில் ஆறுதலாக இருந்து எல்லாம் சரியாகச் செய்யும் பிள்ளை பரீட்சை மண்டபத்தில் பாதியைத் தொடாமலே வரும். எந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் போவது என்று பழகுவதுதான் பயிற்சி. பிழையான பதிலுக்குப் புள்ளி வெட்டுவதில்லை, ஆகவே தெரியாவிட்டாலும் ஒரு பதிலைக் குறித்துவிட்டுப் போக வேண்டும். அதோடு திரையில் வரும் கணிப்பானை விசைப்பலகையில் வேகமாக இயக்கப் பழக வேண்டும். இவ்வளவையும் யூகேட் அமைப்பே இலவசமாகத் தரும் மாதிரிப் பரீட்சைகளிலும் கேள்வித் தொகுதிகளிலும் பழகலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் சின்னத் தொகைக்கு ஒன்லைனில் கேள்வி வங்கி ஒன்று வாங்கலாம். ஆறு வாரம், நாளுக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் ஒழுங்காக நேரம் பிடித்துச் செய்கிற பிள்ளைக்கு ரியூஷன் நிலையத்தின் பெரிய கட்டணம் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அந்தக் காசை விண்ணப்பித்த பின் நேர்முகத்துக்குப் போய்வரும் ரயிலுக்கு வையுங்கள்.

பரீட்சை ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை நடக்கும். வருடத்துக்கு ஒரு முறைதான் எழுதலாம். அந்தப் புள்ளி அந்த வருட விண்ணப்பத்துக்கு மட்டும்தான் செல்லும். 2025இல் பிரித்தானியாவில் எழுதக் கட்டணம் 70 பவுண்ட். இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகள் போன்றோருக்கு அதையும் அவர்களே பொறுப்பேற்கும் உதவி உண்டு. டிஸ்லெக்சியா போன்ற காரணத்துக்காக மேலதிக நேரம் வேண்டுமென்றால் நாள் குறிப்பதற்கு முன்பே அனுமதி எடுக்க வேண்டும். ஓகஸ்ட் நடுப்பகுதி நல்ல காலம்: விடுமுறையில் பழக நேரம் கிடைக்கும், காய்ச்சல் வந்தாலும் தள்ளிப்போட இடம் இருக்கும்.

மிகவும் முக்கியமானது இதுதான்: எழுதி முடித்து ஒரு நாளுக்குள் பெரும்பாலும் புள்ளி கையில் கிடைத்துவிடும். செப்டம்பர் நடுப்பகுதியில், அதுவரை எழுதியவர்களின் புள்ளிகளைப் பத்துப் படியாகப் பிரித்து வெளியிடுவார்கள், மகள் எந்தப் படியில் நிற்கிறாள் என்று அப்போது தெரியும். யூகாஸுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும். ஆகவே நாலு தெரிவையும் இப்போது, இயர் 12இல், முடிவு செய்யவே வேண்டாம். புள்ளி மேல் மூன்று படிக்குள் வந்தால் யூகேட்டுக்கு முன்னிடம் கொடுக்கும் இடங்கள். நடுவில் வந்தால் வேறு விஷயங்களையும் சேர்த்துப் பார்க்கும் இடங்கள். கீழே வந்தால் யூகேட்டுக்குக் குறைந்த பங்கு கொடுக்கும் இடங்களைத் தேடி, ஒரு வருடம் பொறுத்துத் திரும்ப எழுதுவதா என்றும் யோசிக்கலாம். எல்லாப் பீடமும் கையில் புள்ளியோடு தெரிவு செய்ய இடம் விடுகிற ஒரு முறை இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஏன் போட வேண்டும்?

வேலை அனுபவம் கிடைக்கவில்லை என்று நீங்கள் கவலைப்படுவது எனக்கு விளங்குகிறது. டொக்டர் மாமா இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குச் சுலபமாகக் கிடைப்பது மற்றவருக்குக் கிடைப்பதில்லை. பீடங்களுக்கும் அது தெரியும். அதனால்தான் வைத்தியசாலையில் வைத்தியரின் பின்னால் நடந்ததா என்பதைவிட, உதவி தேவைப்படும் மனிதர்களோடு பழகியதா, அதிலிருந்து என்ன கற்றாய் என்பதைப் பார்க்கிறார்கள். முதியோர் இல்லத்தில் வார இறுதியில் உதவி செய்வது, மருந்துக் கடையில் பகுதி நேர வேலை, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான விளையாட்டுக் கழகம் எல்லாம் முழு அனுபவம்தான். பிரைட்டன் சசெக்ஸ் மருத்துவ பீடம் ஒன்லைனில் இலவசமாக ஒரு வேலை அனுபவப் பயிற்சி தருகிறது. ஜிபிக்கள் என்ற குடும்ப வைத்தியர்களின் றோயல் கொலிஜும் 16 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஜிபி நிலையத்தின் வேலையைக் காணொளிகளில் காட்டும் இலவசப் பயிற்சி வைத்திருக்கிறது. இரண்டும் வீட்டிலிருந்தே செய்யலாம்.

ஆனால் நம்முடைய பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கும் ஓர் அனுபவத்தை அவர்களே அனுபவமாக நினைப்பதில்லை. அம்மம்மாவை ஜிபியிடம் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்த்த பிள்ளை எத்தனை வீட்டில் இருக்கிறது! பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அம்மம்மாவின் மலச்சிக்கலையும் நெஞ்செரிவையும் ஆங்கிலத்தில் சொல்லி, வைத்தியர் சொன்ன பயமான சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்ற பிள்ளைக்கு, நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியும். அதை உணர்ச்சிக் கதையாகச் சொல்லாமல் யோசித்துச் சொல்ல வேண்டும். அம்மம்மா பேரப்பிள்ளைக்கு முன் சொல்லக் கூச்சப்பட்டு எதை மறைத்திருப்பார்? நான் சொல்லாமல் விட்டது ஏதும் உண்டா? குடும்பத்தவரை மொழிபெயர்க்க வைக்காமல் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை எடுக்க வேண்டும் என்று தேசிய சுகாதார சேவையான என்ஹெச்எஸ் ஏன் சொல்கிறது? இரகசியம், சம்மதம், பாதுகாப்பு என்ற மூன்றும் அந்த ஒரு நிகழ்ச்சிக்குள் இருக்கின்றன. இதை இப்படிப் பிரித்துக் கதைக்கத் தெரிந்த பிள்ளை, பெரிய வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை பார்த்தேன் என்று மட்டும் சொல்லும் பிள்ளையைவிட முன்னால் நிற்கும்.

தன்னைப் பற்றி எழுதும் பகுதி 2026இல் படிப்பைத் தொடங்குவோரிலிருந்து மாறிவிட்டது. ஒரே நீண்ட கட்டுரை இல்லை, மூன்று கேள்வி: ஏன் இந்தப் பாடம், படித்தவை எப்படித் தயார்செய்தன, பாடசாலைக்கு வெளியே செய்தவை எவை, ஏன் அவை பயன்படும். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்து, ஒவ்வொன்றும் குறைந்தது 350. பல மருத்துவ பீடங்கள் இதற்குப் புள்ளி போடுவதில்லை, ஆனால் நேர்முகத்தில் இதிலிருந்து கேட்கலாம். வேறு ஒருவர் எழுதியதைத் தொடவே விடாதீர்கள். 2007இல் யூகாஸ் ஒத்துப்பார்த்தபோது, எட்டு வயதில் இரசாயனப் பரிசோதனை செய்து தன் பைஜாமாவில் ஓட்டை விழ எரித்த கதை 234 விண்ணப்பங்களில் இருந்தது. ஒரே மாதிரியை இணையத்திலிருந்து எடுத்திருந்தார்கள். இப்போது ஒத்துப்பார்க்கும் மென்பொருள் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பார்க்கிறது.

நேர்முகம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை. ஒக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் பேராசிரியர்களோடு இருந்து ஒரு விஞ்ஞானக் கேள்வியைச் சத்தமாக யோசிக்கச் சொல்லும். மற்ற இடங்களில் பெரும்பாலும் எம்எம்ஐ என்ற சுற்று முறை: ஒவ்வொரு மேசையிலும் சில நிமிடம், வேறு வேறு ஆள், வேறு வேறு விஷயம். ஒன்றில் நடிகர் ஒருவர் கோபமான நோயாளியாக இருப்பார். ஒன்றில் ஏன் தாதியாகாமல் வைத்தியராக வேண்டும் என்று கேட்பார்கள். ஒன்றில் ஓர் அறநெறிச் சிக்கல். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. ஒரு மேசையில் சறுக்கினாலும் அடுத்ததில் புதிதாகத் தொடங்கலாம் என்பது இதன் நல்ல பக்கம்.

அறநெறிக் கேள்விகளுக்கு நாலு தத்துவச் சொல்லை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பது எடுபடாது. பிரித்தானியச் சட்டத்தில் இரண்டு தீர்ப்புகளையாவது விளங்கிப் படிக்கச் சொல்லுங்கள். 1985இல் பிரபுக்கள் சபை தீர்த்த கில்லிக் வழக்கு, 16 வயதுக்குக் கீழான பிள்ளை சிகிச்சையின் பொருளையும் விளைவையும் போதிய அளவு விளங்கிக்கொண்டால் தானே சம்மதம் கொடுக்கலாம் என்ற நிலையை உறுதிசெய்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மொண்ட்கொமெரி வழக்கில், நீரிழிவு உள்ள ஒரு தாய்க்குச் சாதாரணப் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கும் அபாயம் சொல்லப்படவில்லை, குழந்தை பாதிப்போடு பிறந்தது. அந்த இடத்தில் இருக்கும் நோயாளி முக்கியமாகக் கருதக்கூடிய அபாயத்தை வைத்தியர் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் தீர்த்தது. அதற்கு முன்பு, மற்ற வைத்தியர்கள் சொல்லியிருப்பார்களா என்பதே அளவுகோலாக இருந்தது. இந்த மாற்றத்தின் கனத்தை ஒரு பிள்ளை தன் சொந்தச் சொல்லில் சொன்னால் கேட்பவருக்குத் தெரியும். என்ஹெச்எஸ் 1948 ஜூலை 5இல் தொடங்கியது என்பதோடு நிறுத்தாமல், இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கிலும் அது தனித்தனியே நடக்கிறது, இங்கிலாந்தில் மட்டும் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் உண்டு என்ற அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும். வேல்ஸிலோ ஸ்கொட்லாந்திலோ நேர்முகத்துக்குப் போகும் பிள்ளைக்கு அது கட்டாயம்.

பெற்றோராக உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரியவர் கதைக்கும்போது குறுக்கே கதைக்காதே என்று வளர்த்த பிள்ளைகள் நேர்முகத்தில் கேட்டதற்கு மட்டும் ஒரு வரி சொல்லிவிட்டு அமைதியாகிவிடுகிறார்கள். அதை மரியாதை என்று அங்கே யாரும் எடுக்கப்போவதில்லை, யோசிக்கவில்லை என்றுதான் எடுப்பார்கள். இப்போதிருந்தே சாப்பாட்டு மேசையில் அவளை எதிர்த்துக் கதைக்க விடுங்கள். வைத்தியர் வேலைநிறுத்தம் சரியா, மருந்துக்கு விலை அதிகமென்றால் யாருக்குக் கொடுப்பது என்று கேளுங்கள். அவள் உங்கள் கருத்தை மறுத்தால் ஏன் என்று கேளுங்கள், நிறுத்தச் சொல்லாதீர்கள். வைத்தியராகும் ஆசை யாருடையது என்பதும் அப்படிக் கதைக்கும்போது வெளியே வரும். அது உங்களுடையது மட்டும் என்று தெரிந்தால் இயர் 12இலேயே தெரிந்துகொள்வது பிள்ளைக்குச் செய்யும் பெரிய நன்மை.

காசைப் பற்றி. இங்கிலாந்தில் உள்ளூர் மாணவருக்குக் கட்டணம் 2025-26இல் வருடத்துக்கு 9,535 பவுண்ட், மாணவர் கடனில் எடுக்கலாம். ஐந்தாம் வருடத்திலிருந்து கல்விக் கட்டணத்தை என்ஹெச்எஸ் கட்டுகிறது. உள்ளூர் கட்டணம் கிடைக்க, படிப்பு தொடங்கும் நாளில் நிரந்தர வதிவிடம் இருக்க வேண்டும், அதற்கு முன் மூன்று வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களும் இதற்குள் வருவார்கள். வேலை வீசாவில் வந்து இன்னும் நிரந்தர வதிவிடம் எடுக்காத குடும்பங்கள், பிள்ளை இங்கேயே ஜிசிஎஸ்இ எழுதியிருந்தாலும், வெளிநாட்டுக் கட்டணம் கட்ட வேண்டிவரலாம். இந்தியாவிலிருந்து அண்மையில் வந்த குடும்பங்கள் இந்த நாளை இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரச பாடசாலை, குடியிருக்கும் இடத்தின் தபால் குறியீடு, இலவச மதிய உணவு, பெற்றோர் பல்கலைக்கழகம் போகாதது போன்றவற்றுக்குப் பல பீடங்கள் சலுகை கொடுக்கின்றன. கேட்கும் பெறுபேற்றில் ஒன்றிரண்டு படி குறைப்பார்கள், அல்லது நேர்முகத்துக்கு எடுக்கும் வரம்பைத் தாழ்த்துவார்கள். கிங்ஸ், சவுதாம்ப்டன் போன்றவை அப்படியான பிள்ளைகளுக்கென்றே ஒரு வருடம் கூடிய ஆறு வருடப் படிப்பும் வைத்திருக்கின்றன. நம்மவர்கள் வெட்கப்பட்டு இதைக் கேட்பதில்லை. உரிமை இருந்தால் கேளுங்கள். கிங்ஸை மகளின் பட்டியலில் திரும்பச் சேர்க்கலாமா என்பதும் இதில்தான் இருக்கிறது.

தம்பியின் மகன் விஷயம் கடினம். இங்கிலாந்தில் மருத்துவ இடங்களில் 7.5 வீதம்தான் வெளிநாட்டு மாணவருக்கு. கட்டணம் பெரும்பாலும் வருடத்துக்கு 40,000 பவுண்டுக்கு மேல், 60,000ஐத் தாண்டுபவையும் உண்டு. இருப்பிடச் செலவு வேறு. அவனும் யூகேட் எழுத வேண்டும், ஒக்டோபர் 15 அவனுக்கும் அதே கடைசி நாள். ஆங்கிலத் தகுதியும் கேட்பார்கள். முடித்து இலங்கைக்குத் திரும்பிப் பதிவு செய்ய வேண்டுமென்றால் இலங்கை மருத்துவ சபையின் ஈஆர்பிஎம் பரீட்சையில் தேற வேண்டும், உயர்தரத்தில் சபை கேட்கும் குறைந்தபட்சத் தகுதியும் வேண்டும். இந்தியப் பிள்ளைகளுக்கும் இதே கவனம் வேண்டும்: இந்தியாவின் மருத்துவ நுழைவுப் பரீட்சையான நீட்டில் தகுதி பெறாமல் வெளிநாட்டில் மருத்துவம் படித்தால் திரும்பிவந்து உரிமப் பரீட்சைக்கே இருக்க முடியாது. வீட்டையோ காணியையோ விற்று அனுப்பும் எண்ணம் இருந்தால், ஐந்து வருடக் கட்டணத்தையும் கூட்டி எழுதி வைத்துவிட்டு ஒரு மாதம் பொறுத்து முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

நாலும் இல்லை என்று வந்தால்? ஐந்தாவது தெரிவை உயிர்மருத்துவ விஞ்ஞானம் என்று போட்டு, அதிலிருந்து மருத்துவத்துக்கு மாறலாம் என்று பலர் நம்புகிறார்கள். மாற விடும் இடங்கள் மிகக் குறைவு, அங்கும் ஒரு சிலரைத்தான் எடுப்பார்கள். பட்டம் முடித்து நாலு வருடப் பட்டதாரிப் படிப்புக்குப் போகலாம். வாரிக், சுவான்சி போன்ற இடங்கள் பட்டதாரிகளை எடுக்கின்றன, போட்டி இன்னும் கூட. ஏற்கெனவே ஒரு பட்டம் எடுத்தவருக்கு இங்கிலாந்தில் வழக்கமான ஐந்து வருட மருத்துவப் படிப்பின் கட்டணத்துக்குக் கடன் கிடையாது என்பதை இந்த வழியைச் சொல்பவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பெறுபேறு நன்றாக வந்திருந்தால் ஒரு வருடம் முதியோர் இல்லத்திலோ வைத்தியசாலை உதவியாளராகவோ வேலை செய்து, யூகேட்டைத் திரும்ப எழுதி, கையில் உண்மையான ஏ லெவல் பெறுபேற்றோடு மீண்டும் போடுவதையே நான் முதலில் சொல்வேன். அந்தப் பிள்ளைகள் அடுத்த நேர்முகத்தில் வேறு மனிதராக வந்து இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

உங்கள் மகளுக்கு உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதிர்பார்ப்புப் பெறுபேற்றை எந்தப் பரீட்சையை வைத்து எழுதுவார்கள் என்று பாடசாலையில் கேட்பது. பெரும்பாலும் இயர் 12 முடிவில் வரும் பரீட்சைதான். அதில் இரசாயனத்திலோ கணிதத்திலோ ஓர் ஏ ஸ்டார் காட்டினால் இன்று மூடியிருக்கும் கதவுகளில் சில திறக்கும். ஆகவே ஜூன் வரை ஏ லெவல் பாடம், பிறகு யூகேட். யூகேட் புள்ளி வந்ததும் அதையும், ஜிசிஎஸ்இ முழுப் பட்டியலையும், சலுகைக்கு உரிமை உண்டா என்பதையும் எழுதி அனுப்புங்கள். செப்டம்பர் கடைசியில் இருந்து நாலு இடத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.